பால் பண்ணையை விற்றுப் படகு வாங்கியவர்

வீடு விற்பவரைப் பற்றி நம் ஊர்களில் நல்ல அபிப்பிராயம் கிடையாது. விற்பதற்கு நாம் ஒப்புக்கொள்கிற காரணங்கள் நான்கைந்துதான். பெண்ணின் கல்யாணம், பையனின் மேல்படிப்பு, பெரிய வைத்தியச் செலவு, அண்ணன் தம்பி பாகப் பிரிவினை, மூழ்கிப்போன வியாபாரம். இதில் எதுவும் இல்லாமல் ஒருவர் வில்லங்கச் சான்றுக்கு மனுப் போட்டால், ஆள் சீட்டாட்டத்தில் இறங்கிவிட்டார் என்று தெரு முடிவு கட்டிவிடும். "உலகம் சுற்றப் போகிறோம், அதனால் வீட்டை விற்கிறோம்" என்று ஒரு குடும்பம் சொன்னால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நமக்குத் தெரியாது. ஊர்சுற்றி என்ற சொல்லையே நாம் வசவாகத்தான் வைத்திருக்கிறோம்.

பயணமே போகாதவர்கள் அல்ல நாம். எல்.டி.சி. வாங்கிக்கொண்டு காஷ்மீர் போய், ரயில் டிக்கெட்டைத் தாலிக்கு அடுத்தபடியாகப் பாதுகாத்துக் கொண்டுவந்து அலுவலகத்தில் ஒப்படைக்கிறோம். அது சாவியை எதிர்வீட்டு மாமியிடம் கொடுத்துவிட்டுப் போகிற பயணம். சாவியை வாங்கியவருக்கே கொடுத்துவிட்டுப் போகிற பயணம் வேறு ஜாதி.

அப்படிப் போன இரண்டு பிரிட்டிஷ் குடும்பங்களின் கதை ஐம்பது வருடத்துக்குப் பிறகும் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. இரண்டாவது குடும்பத்தைப் பற்றி சோஃபி எல்ம்ஹர்ஸ்ட் எழுதிய புத்தகம் 2024ல் வந்து பலராலும் பேசப்பட்டது. எனக்கு என்னவோ முதல் குடும்பத்தின் கதையில்தான் உறுத்தல் அதிகம்.

டூகல் ராபர்ட்சன் ஸ்காட்லாந்துக்காரர். வணிகக் கப்பல்களில் வேலை பார்த்தவர். 1942 ஏப்ரலில் திருகோணமலைத் துறைமுகத்தின்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது எரிந்துபோன 'சகாயிங்' என்ற கப்பலில் இருந்தவர். பிறகு கடலை விட்டுவிட்டு, நர்ஸாக இருந்த லின்னைக் கல்யாணம் செய்துகொண்டு, இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் லீக் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பால் பண்ணை நடத்தினார். ஒரு மகள், ஒரு மகன், அதற்குப் பிறகு இரட்டைப் பையன்கள். மாடு வைத்திருக்கிற எவருக்கும் தெரியும், அந்தத் தொழிலில் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. வருஷக்கணக்காக உழைத்தும் கையில் பெரிதாக எதுவும் தங்கவில்லை.

தனி ஆளாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றும் போட்டி ஒன்று 1968-69ல் நடந்தது. ரேடியோவில் அந்தச் செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது இரட்டையரில் ஒருவன், அப்பா மாலுமிதானே, நாமும் ஏன் போகக்கூடாது என்று கேட்டான். எந்த வீட்டிலும் குழந்தை கேட்கிற கேள்விதான். நம் வீடாக இருந்தால், "முதலில் கணக்குப் பாடத்தை முடி" என்று பதில் வந்திருக்கும். இந்த அப்பா பண்ணையை விற்றுவிட்டார்.

விற்ற பணத்தில் வாங்கியது 'லூசெட்'. 43 அடி நீளம், மரத்தால் ஆன இரட்டைப் பாய்மரப் படகு, 1922ல் கட்டியது. அதாவது வாங்கும்போதே அதற்குக் கிட்டத்தட்ட ஐம்பது வயது. 1971 ஜனவரி 27 அன்று ஃபால்மத் துறைமுகத்திலிருந்து ஆறு பேரும் கிளம்பினார்கள். அதில் கடல் தெரிந்தவர் ஒருவர்தான். அட்லாண்டிக்கைத் தாண்டிக் கரீபியன் தீவுகள், மயாமி, ஜமைக்கா, பனாமா என்று ஒன்றரை வருடம் போயிற்று. மகள் பஹாமாஸில் தங்கிக்கொண்டாள். பனாமாவில் வேல்ஸ் நாட்டுப் பட்டதாரி இளைஞர் ஒருவர் ஏறிக்கொண்டார். ஆக, மறுபடி ஆறு பேர்.

1972 ஜூன் 15. கலாபகஸ் தீவுகளுக்கு மேற்கே சுமார் 200 மைல். 'கில்லர் வேல்' எனப்படும் கறுப்பு வெள்ளைத் திமிங்கிலங்கள் அடியிலிருந்து மோதின. சில நிமிடங்களில் லூசெட் மூழ்கிவிட்டது. பல வருஷத்துப் பால் கறவை, ஒரு வீடு, ஒரு பண்ணை எல்லாம் படகாக மாறியிருந்தது. படகு இப்போது கடலாகிவிட்டது.

மிஞ்சியது காற்றடைத்த ரப்பர் மிதவை ஒன்றும், பத்து அடிகூட இல்லாத 'எட்னமெயர்' என்ற துடுப்புப் படகும். ஒரு பை வெங்காயம், சில ஆரஞ்சுகள், எலுமிச்சை, கொஞ்சம் பிஸ்கட், குளுக்கோஸ் மிட்டாய், ஒரு சமையலறைக் கத்தி, மிதந்துவந்த லின்னின் தையல் கூடை. குடிநீர் பத்து நாளைக்கு வந்தால் அதிகம். மிதவையும் மூன்றாவது வாரத்தில் கைவிட்டுவிட்டது. அதன் பிறகு ஆறு பேரும் அந்தத் துடுப்புப் படகில்தான். படகின் விளிம்புக்கும் கடல்மட்டத்துக்கும் நடுவே சில அங்குலம். ஒருவர் இடம் மாற வேண்டுமென்றால் மற்ற ஐந்து பேரிடமும் சொல்லிவிட்டுத்தான் மாற முடியும்.

கலாபகஸ் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் காற்றும் நீரோட்டமும் மேற்கே தள்ளின. எதிர்த்துத் துடுப்புப் போட்டுத் திரும்ப முடியாது. மேற்கே அடுத்த கரை மார்க்கெசாஸ் தீவுகள், ஏறத்தாழ 3,000 மைல். டூகல் இரண்டையும் விட்டுவிட்டு வடக்கே போக முடிவு செய்தார். பூமத்திய ரேகைக்கு வடக்கே காற்றில்லாத, ஆனால் மழை உண்டான ஒரு பட்டை இருக்கிறது. அங்கே தண்ணீர் கிடைக்கும். பிறகு கிழக்கே ஓடும் எதிர்நீரோட்டத்தைப் பிடித்து அமெரிக்கக் கரைக்குப் போகலாம். வீட்டை விற்ற முடிவைப் பற்றி யார் என்ன சொன்னாலும், இந்த முடிவு ஒரு மாலுமியின் கணக்கு. இதுதான் ஆறு பேரையும் காப்பாற்றியது.

அவர்கள் கடலாமையைப் பிடித்துக் கொன்று, உறைவதற்குள் ரத்தத்தைக் குடித்தார்கள். இறைச்சியை வெயிலில் உலர்த்தினார்கள். கொழுப்பை உருக்கி எண்ணெயாக்கிப் புண்களில் தடவினார்கள். தேங்கிய மழைநீர் ஆமைக் கழிவு கலந்து குடிக்க முடியாததாகிவிட்டது. வாந்தி வரும். அதை ஆசனவாய் வழியே உடம்புக்குள் செலுத்தலாம், குடல் நீரை எடுத்துக்கொள்ளும் என்று யோசனை சொன்னவர் நர்ஸ் லின். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் டூகலின் துணிச்சலைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு லின்னைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம் என்று தோன்றும்.

பட்டினி கிடந்தவர்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது இயல்பு. இவர்கள் பேசியது ஓர் ஓட்டலைப் பற்றி. 'டூகலின் சமையலறை' என்று பெயர். என்னென்ன பரிமாறுவது, எப்படிச் சமைப்பது என்று நாள்கணக்கில் பட்டியல் போட்டார்கள். அந்த ஓட்டலை எங்கே திறப்பதாக உத்தேசம் தெரியுமா? லீக் என்ற அதே சிற்றூரில். உலகத்தைப் பார்ப்பதற்காக விற்றுவிட்டு வந்த ஊரில்.

முதல் வாரத்தில் ஒரு கப்பல் மூன்று மைல் தூரத்தில் போயிற்று. இவர்கள் கொளுத்திக் காட்டிய வெளிச்சத்தைக் கவனிக்கவில்லை. அன்றைக்கு டூகலிடம் ஒரு மாற்றம் நடந்தது என்று அவர் புத்தகத்திலிருந்து தெரிகிறது. இனி யாரும் வந்து மீட்பார்கள் என்று காத்திருப்பதில்லை, நாமாகவே உயிரோடு இருந்து கரை சேருவது என்று தீர்மானித்துக்கொள்கிறார். 'ரெஸ்க்யூ' போய் 'சர்வைவல்' வந்தது.

மொழிபெயர்ப்பு மேஜையில் காலம் தள்ளுகிறவனுக்கு இந்த இரண்டாவது சொல் வந்தால் பேனா நிற்கும். 'உயிர்வாழ்தல்' என்று போட்டால் செத்த சொல்லாக இருக்கிறது. மக்கள் சொல்வது 'பிழைப்பது'. அந்த வினைக்குத் தமிழில் உயிர் தப்புவது என்றும் பொருள், தவறு செய்வது என்றும் பொருள். 'தப்பு' என்பதற்கும் அப்படியே. தப்பினான் என்றால் மீண்டான். தப்பு செய்தான் என்றால் உங்களுக்கே தெரியும். இங்கிலீஷில் இந்த வசதி இல்லை. டூகலின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான வினைச்சொல் எந்த மொழியிலும் இருக்காது என்று நினைக்கிறேன். அவரும் குடும்பமும் பிழைத்தார்கள், இரண்டு அர்த்தத்திலும். 'அட்வெஞ்சர்' என்றால் கண்ணை மூடிக்கொண்டு 'சாகசம்' போடுகிறோம். அதற்கு அகராதியில் பாசாங்கு என்றும் ஒரு பொருள் உண்டு. சாகசக்காரி என்று பழைய சினிமாவில் யாரைச் சொன்னார்கள் என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

38ஆம் நாள், 1972 ஜூலை 23, 'டோகா மாரு 2' என்ற மீன்பிடிக் கப்பல் அவர்களைக் கண்டுபிடித்துப் பனாமாவுக்குக் கொண்டுபோயிற்று. அந்தச் சமயத்தில் அவர்களிடம் உலர்ந்த ஆமை இறைச்சியும் தண்ணீரும் ஓரளவு கையிருப்பே இருந்தது. கப்பல் ஜப்பானியக் கப்பல். திருகோணமலையை நினைத்துப் பார்த்தால், டூகலுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கலாம்.

ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. 1973 மார்ச் 4. கிட்டத்தட்ட அதே கடல் பகுதியில் இன்னொரு படகைத் திமிங்கிலம் இடித்து மூழ்கடித்தது. டார்பி நகரத்து மொரிஸ் பெய்லி, மாரலின் பெய்லி தம்பதி. அவர்களும் வீட்டை விற்றுத்தான் 'ஆரலின்' என்ற 31 அடிப் படகைக் கட்டினார்கள். நியூசிலாந்து போய்க் குடியேற உத்தேசம். யோசனை மாரலினுடையது, அவருக்கு நீச்சல் தெரியாது. வெளியுலகத் தொந்தரவு வேண்டாம் என்று மொரிஸ் படகில் ரேடியோ டிரான்ஸ்மிட்டர் வைத்துக்கொள்ளவில்லை. 117 நாள் ரப்பர் மிதவையில் கிடந்தார்கள். ஊக்குகளை வளைத்துத் தூண்டிலாக்கி மீன் பிடித்தார்கள். ஏழு கப்பல்கள் பார்க்காமலே போய்விட்டன. ஜூன் 30 அன்று ஒரு கொரிய மீன்பிடிக் கப்பல் தூக்கியது. மனம் விட்டுப்போன கணவனை மிதவையில் இழுத்துப் பிடித்துவைத்தவர் மாரலின். அடுத்த படகு எப்படி இருக்க வேண்டும் என்று அந்த மிதவையிலேயே இருவரும் திட்டம் போட்டார்கள். ஊர் திரும்பி அதைக் கட்டினார்கள். படகோனியா வரைக்கும் போனார்கள்.

பெய்லி தம்பதியைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை. குழந்தைகள் வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள். வீடும் அவர்களுடையது, உயிரும் அவர்களுடையது. ராபர்ட்சன் விஷயம் அப்படியல்ல. ஆசைப்பட்டுக் கேட்டது குழந்தை என்பது உண்மைதான். ஆனால் குழந்தை கேட்டது பயணத்தை. ஐம்பது வயதுப் படகையும், மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் விற்றுவிடுவதையும் தீர்மானித்தது பெரியவர்கள். பண்ணையை விற்றதுகூட எனக்குத் தவறாகப் படவில்லை. பிள்ளைகளை மாட்டுக்கொட்டகையில் கட்டிப்போடாமல் உலகத்தைக் காட்ட வேண்டும் என்று ஒரு தகப்பன் நினைப்பது பெரிய விஷயம். நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளுக்கு நாலு சுவரை விட்டுப்போவதோடு கடமை முடிந்தது என்றிருக்கிறோம்! ஆனால் கரையில் ஒரு திண்ணையாவது மிச்சம் வைத்திருக்கலாம். திரும்பி வந்தபோது அவர்களுக்குப் போக வீடு இல்லை.

இதற்கு நேர்மாறான ஒரு வழியைக் கொச்சியில் பார்த்தோம். 1963லிருந்து அங்கே டீக்கடை நடத்திய விஜயன் தன் மனைவி மோகனாவோடு 25க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போய் வந்தார். தினமும் 300 ரூபாய் எடுத்துவைப்பார். போதாததற்குக் கடன் வாங்கிக்கொண்டு விமானம் ஏறுவார்கள். திரும்பி வந்து இரண்டு மூன்று வருஷம் டீ ஆற்றிக் கடனை அடைப்பார்கள். அடைத்ததும் அடுத்த நாடு. கடைசியாக 2021 அக்டோபரில் ரஷ்யா. அடுத்த மாதமே விஜயன் காலமாகிவிட்டார். கடையை விற்றிருந்தால் ஒரே பயணம்தான் போயிருக்க முடியும் என்று கணக்குச் சொல்பவர்கள் சொல்லலாம். அந்தக் கணக்கு சரிதான். ஆனால் அவர்களுக்கு ஊரை விட்டுப் போக வேண்டும் என்ற வேகம் இருந்ததே தவிர ஊரே வேண்டாம் என்ற எண்ணம் இருக்கவில்லை. வீட்டை விற்பவர்கள் எல்லோருமே பயணத்துக்காகத்தான் விற்கிறார்களா என்று சில சமயம் சந்தேகம் வரும். மாட்டையும் சாணியையும் தீராத கடனையும் பார்த்துச் சலித்த மனுஷனுக்கு ரேடியோச் செய்தி ஒரு சாக்காகக்கூட இருந்திருக்கலாம்.

டூகல் 1973ல் 'சர்வைவ் தி ஸாவேஜ் ஸீ' என்ற புத்தகம் எழுதினார். நன்றாக விற்றது, 1992ல் சினிமாவாகவும் வந்தது. கடலில் உயிர் பிழைப்பது எப்படி என்று ஒரு கையேடும் எழுதினார். அமெரிக்கரான ஸ்டீவன் காலஹன் 1982ல் அட்லாண்டிக்கில் 76 நாள் தன்னந்தனியாக மிதந்தபோது அவர் மிதவையில் அந்தக் கையேடு இருந்தது. மூத்த மகன் டக்ளஸ் தன் பங்குக்கு 2005ல் 'தி லாஸ்ட் வாயேஜ் ஆஃப் தி லூசெட்' எழுதினார்.

அப்பாவும் அம்மாவும் பிற்பாடு பிரிந்துவிட்டார்கள். லின் விவசாயத்துக்கே திரும்பிப் போனார். டூகல் மறுபடி ஒரு படகு வாங்கி, மத்தியதரைக் கடலில் அதிலேயே வசித்தார். 1991ல் இறந்தார். எட்னமெயர் இப்போது ஃபால்மத்தில், கார்ன்வால் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.