பரிசோதனைச் சீட்டு யார் கைக்கு?

ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி கண்டு, ஊசியினால் அதிலிருந்து சிறிது சதை எடுத்துச் சோதித்து, அந்தச் சோதனையின் முடிவு வந்து சேருகின்ற நாளில் நம் நாட்டில் என்ன நடக்கிறது என்பதைத் தோழர்கள் சற்றுக் கவனித்துப் பார்க்க வேண்டுகிறோம். கட்டி அவளுடையது, சதை அவளுடையது, ஊசியின் வலியும் அவளுடையதே. ஆனால் சீட்டு மாத்திரம் புருஷன் கைக்கோ, மகன் கைக்கோ, அண்ணன் கைக்கோ போய்ச் சேருகிறது. "அம்மா, நீங்கள் கொஞ்சம் வெளியில் இருங்கள்" என்று அவளை எழுப்பி அனுப்பிவிட்டு, அவள் உடம்பைப் பற்றி மற்றவர்கள் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும், "சாதாரணக் கட்டிதான், எடுத்துவிட்டால் சரியாய்ப் போகும்" என்று அவளிடம் ஒரு பொய்யைச் சொல்லி வைக்கிறார்கள். அவள் எதை எடுக்கப் போகிறார்கள், எவ்வளவு எடுக்கப் போகிறார்கள் என்பதை அறியாமலே ரணசிகிச்சை மேஜையில் படுக்கிறாள். எழுந்து தடவிப் பார்க்கும்போதுதான் விஷயம் தெரிகிறது.

இதற்கு என்ன சமாதானம் சொல்லுகிறார்கள்? "சொன்னால் பயந்துவிடுவாள், தாங்க மாட்டாள்" என்கிறார்கள். பத்து மாதம் சுமந்து பெறுவதைத் தாங்குகிறவள், பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தும் மறுநாள் அடுப்பு மூட்டுகிறவள், தன் உடம்பைப் பற்றிய ஒரு வார்த்தையைத் தாங்க மாட்டாளா என்று கேட்கிறோம்.

1811-ம் வருஷம் பாரிஸ் நகரத்தில் பானி பர்னி என்கிற ஆங்கில நாவலாசிரியைக்கு மார்பை எடுத்தார்கள். ஐரோப்பிய வைத்தியத்தில் மயக்க மருந்து வழக்கத்துக்கு வராத காலம் அது. விழித்திருக்கும்போதே அறுத்தார்கள். புருஷன் இந்தக் காட்சியைத் தாங்க மாட்டானென்று, அவனுக்குத் தெரியாமல் அவனை வெளியில் இருக்கும்படி ஏற்பாடு செய்துவிட்டு அந்த அம்மையார் தாமாகவே கட்டிலில் ஏறினார். பிறகு நடந்ததையெல்லாம் தம் சகோதரிக்குக் கடிதமாக எழுதி வைத்தார். அதன்பின் 28 வருஷத்துக்கு மேல் உயிரோடிருந்து 1840-ல் இறந்தார். ஆகவே தாங்க மாட்டாதவர் யார் என்பதை அவரவர் வீட்டிலேயே யோசித்துக் கொள்ளட்டும்.

இன்னொரு சமாதானம், "அவளுக்கு என்ன புரியும்?" என்பது. புரியும்படி சொன்னால் எவருக்கும் புரியும். அந்தச் சீட்டு எல்லாமே சாவுச் சீட்டு என்று நினைப்பதுதான் முதல் தப்பு. மார்பில் தோன்றுகிற கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. சோதனையில் மாறுதல் தெரிந்தாலும் அதிலும் படிகள் உண்டு. செல்களின் தோற்றம் மாத்திரம் வழக்கத்துக்கு மாறாயிருப்பது ஒரு நிலை. அது புற்றுநோய் அல்ல. ஆனாலும் ஊசி தொட்ட இடத்துக்குப் பக்கத்தில் வேறு ஏதேனும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க, அந்த இடத்தை வெட்டியெடுத்துச் சோதிப்பதுண்டு. பால் குழாய்க்குள்ளேயே செல்கள் கெட்டு, குழாயின் சுவரைத் தாண்டாமலிருப்பது மற்றொரு நிலை. சுவரைத் தாண்டிப் பக்கத்துச் சதைக்குள் இறங்கிவிடுவது மூன்றாவது நிலை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு, அவசரமும் வேறு. இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? கால் மணி நேரம் போதாதா?

இந்த மூடிமறைக்கும் வழக்கம் நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமல்ல. அமெரிக்காவிலேயே 1970-களில், கட்டி கண்ட பெண்ணை மயக்கத்தில் ஆழ்த்தி, சதையை எடுத்து அங்கேயே சில நிமிஷங்களில் சோதித்து, புற்றுநோய் என்று கண்டால் அவளை எழுப்பாமலே மார்பு முழுவதையும் எடுத்துவிடுவது வழக்கமாயிருந்தது. படுக்கும்போது அவளுக்குத் தெரியாது. எழும்போது மார்பு இராது. 1974-ல் ரோஸ் குஷ்னர் என்கிற பத்திரிகைக்காரப் பெண், "சோதனை வேறு, சிகிச்சை வேறு, நடுவில் யோசிக்க எனக்கு நாள் வேண்டும்" என்று பிடிவாதம் செய்தார். அதற்கு ஒத்துக்கொள்ளும் டாக்டர் ஒருவரைக் கண்டுபிடிக்கப் பலரிடம் அலைய வேண்டியதாயிற்று. தமக்கு நேர்ந்ததைப் புத்தகமாக எழுதினார். 1979-ல் அந்நாட்டுத் தேசிய சுகாதார ஸ்தாபனம் கூட்டிய நிபுணர் சபையில் அவரும் ஓர் அங்கத்தினராய் உட்கார்ந்தார். சோதனையையும் சிகிச்சையையும் இரண்டாகப் பிரிப்பதே முறை என்று அச்சபை சொல்லிற்று. ஒரு பெண் வாயைத் திறந்து கேட்டதனால் எத்தனையோ பெண்களுக்கு யோசிக்க அவகாசம் கிடைத்தது.

இனி, எவ்வளவு எடுப்பது என்ற விஷயத்துக்கு வருவோம். ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க ரணசிகிச்சை நிபுணர் 19-ம் நூற்றாண்டின் கடைசியில், மார்பையும் அதன் அடியிலுள்ள தசைகளையும் அக்குளிலுள்ள நெறிக்கட்டிகளையும் சேர்த்து வாரியெடுக்கும் முறையை ஏற்படுத்தினார். அதிகமாக எடுத்தால் அதிகமாகப் பிழைப்பார்கள் என்று சொல்லி, முக்கால் நூற்றாண்டு காலம் அதையே வேதவாக்காகக் கொண்டார்கள். பெண்கள் கையைத் தூக்க முடியாமலும், கை வீங்கியும், நெஞ்சு குழிந்தும் கிடந்தார்கள். பெர்னார்ட் பிஷர் என்ற டாக்டர்தான் "பெரியவர் சொன்னார் என்பது போதாது, சோதித்துப் பார்ப்போம்" என்று கிளம்பினார். 1976-ல் தொடங்கிய சோதனையில் சுமார் 1,850 பெண்களை மூன்று பிரிவாக்கி, 20 வருஷ காலம் கவனித்து, 2002-ல் முடிவைச் சொன்னார்கள். மார்பு முழுவதையும் எடுத்தவர்களும் கட்டியை மாத்திரம் எடுத்தவர்களும் உயிர் வாழ்ந்ததில் வித்தியாசமில்லை. கட்டியை மாத்திரம் எடுத்தவர்களில் அதே மார்பில் நோய் திரும்பியது நூற்றுக்கு 39 பேருக்கு. கட்டியை எடுத்ததோடு கதிர் சிகிச்சையும் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கே. இத்தாலியில் வெரோனேசி என்பவர் செய்த சோதனையும் இதையே காட்டிற்று.

இதனால் மார்பு முழுவதையும் எடுப்பது எப்போதும் தப்பு என்று நாம் சொல்ல வரவில்லை. கட்டி பெரிதாயிருந்தாலோ, பல இடங்களிலிருந்தாலோ, கதிர் சிகிச்சை செய்துகொள்ள முடியாவிட்டாலோ எடுக்கத்தான் வேண்டியிருக்கும். எடுத்துவிடுவதே நிம்மதி என்று அவளே தீர்மானித்தாலும் அது அவள் உரிமை. நாம் சொல்லுவதெல்லாம், டாக்டரின் வார்த்தையும் சாஸ்திரமாகிவிடக் கூடாது என்பதும், காரணம் கேட்டால் உண்மையான வைத்தியன் கோபித்துக் கொள்ள மாட்டான் என்பதுமேயாகும். "எந்த நிலையில் இருக்கிறது? மார்பைக் காப்பாற்ற முடியுமா? அக்குளில் முதல் நெறிக்கட்டியை மாத்திரம் சோதித்துவிட்டு மற்றதை விட்டுவைக்க முடியுமா? கட்டிக்கு ஹார்மோன் சோதனை செய்தீர்களா?" என்ற நான்கு கேள்விகளையும் அவளே கேட்கட்டும்.

அதே சமயம், யோசிக்க அவகாசம் என்பதைத் தள்ளிப்போடுவதற்குச் சாக்காகச் செய்துகொள்ளக் கூடாது. சில நாள் யோசிப்பது வேறு. வேண்டுதல், மந்திரித்த கயிறு, சோசியம், நாள் நட்சத்திரம் என்று மாதக் கணக்கில் காலத்தைக் கழிப்பது வேறு. "கத்தி பட்டால் பரவும், ஊசி பட்டால் பரவும்" என்கிறார்களே, ஊசிச் சோதனை செய்வதனால் ஆயுள் குறையும் என்பதற்கு ஆதாரம் எங்கே? பரவுவது கத்தியினாலல்ல, கத்தியைக் கண்டு ஓடிய நாட்களில்தான் பரவுகிறது. "போன ஜன்மத்துப் பாவம்" என்று சொல்லுகிற பெரியவர்களுக்கு ஒரு செய்தி: இந்நோய் கண்டவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர் ஆண். அவர் எந்த ஜன்மத்தில் என்ன பாவம் செய்தார் என்று கணக்குப் பார்த்துச் சொல்லட்டும்.

இவை ஒருபுறமிருக்க, சிகிச்சைக்குப் பிறகு வீட்டார் நடந்துகொள்ளும் மாதிரி இன்னும் மோசமானது. தட்டைத் தனியாக வைப்பதும், குழந்தையைக் கிட்ட விடாததும் சில வீடுகளில் நடக்கிறது. இது ஒட்டுவாரொட்டி நோயல்ல. காயத்தில் நீர் வடிவதற்காகச் செருகிய குழாய் சில நாட்களுக்கோ ஒன்றிரண்டு வாரங்களுக்கோ இருக்கும். அக்குளிலும் கையின் உட்புறத்திலும் மரத்துப் போகலாம். டாக்டர் சொல்லுகிறபடி கையைச் சிறிது சிறிதாகத் தூக்கிப் பழகாவிட்டால் தோள் இறுகிவிடும். நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்கு மாதங்கள், வருஷங்கள் கழித்துக்கூடக் கை வீங்கலாம். வீக்கம் சிறிதாயிருக்கும்போதே காட்டினால் அடக்கி வைக்கலாம். மருந்தினால் கொட்டின தலைமயிர் திரும்ப முளைக்கும். ஆகையால் அந்த நாட்களில் குடம் தூக்குவதும், மாவாட்டுவதும், துணி பிழிவதும் வீட்டு ஆண்களின் வேலை. "பெண்ஜாதிக்கு உடம்பு சரியில்லை, சாப்பாட்டுக்குக் கஷ்டமாயிருக்கிறது" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற ஆண்பிள்ளைக்கு உலை வைக்கக் கை இல்லையா?

மார்பு போனால் பெண்மை போயிற்று என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு புருஷனுக்குச் சர்க்கரை நோயினால் காலை எடுத்துவிட்டால், ஆண்மை போயிற்று என்று எந்தப் பெண்ணாவது வீட்டை விட்டுப் போகிறாளா? கட்டுக் கட்டி, சோறு ஊட்டி, கட்டை ஊன்றி நடக்கப் பழக்குகிறாள். அவள் செய்வதில் பாதியை அவனும் செய்ய வேண்டாமா? துணிக்குள் வைத்துக்கொள்ளச் செயற்கை மார்பு இருக்கிறது. உடம்பின் வேறிடத்துச் சதையைக்கொண்டு புதிதாய் அமைக்கும் சிகிச்சையும் இருக்கிறது. ஒன்றுமே வேண்டாம், இப்படியே இருக்கிறேன் என்று அவள் சொன்னால் அதிலும் வெட்கத்துக்கு ஒன்றுமில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1923-ல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அதைத் தலையெழுத்தென்று விட்டுவிடாமல் பாடுபட்டு, 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறக்கச் செய்தார். ஒரு பெண் அழுது தீர்க்க வேண்டிய துக்கத்தை ஆஸ்பத்திரியாக மாற்றிக் காட்டிய நாட்டில், இன்னொரு பெண்ணுக்கு அவள் நோயின் பெயரைச் சொல்லவே பயப்படுகிறோம் என்றால் இதைவிட வெட்கக்கேடு வேறு என்ன இருக்கிறது?

ஆகவே தோழர்களே! உங்கள் வீட்டில் இப்படி ஒரு சீட்டு வந்தால், அதை மடித்துச் சட்டைப் பையில் போடாதீர்கள். அதற்கு உரியவளிடம் கொடுங்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். தோழியர்களே! கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். அறுக்கப்படுவது உங்கள் உடம்பு. ஆகையால் சம்மதம் சொல்ல வேண்டியவரும் நீங்களே.