நீராவிக்கும் மரியாதை கொடுங்க!

வீட்டுக்கு எஸ்பிரஸோ மெஷின் வாங்கியாச்சா? சந்தோஷம். ஆனால், காபி இறக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. நீராவியை அடக்கவும் தெரியணும் என்பது என் கட்சி.

காபி இறங்க சுமார் 93 டிகிரி செல்சியஸ் போதும். பாலை நுரைக்க வைக்கும்போது பாய்லர் சூடு 120 டிகிரியைத் தாண்டிவிடும். ஒரே பாய்லர் உள்ள மெஷினில், பால் நுரைத்த கையோடு காபி போடாதீங்க. ஸ்டீம் ஸ்விட்சை அணைத்து, சூடு தணியும்வரை வெந்நீரை ஒரு பாத்திரத்தில் வெளியேற்றுங்கள். அழுத்தம் இறங்குமுன் காபித்தூள் கைப்பிடியைக் கழற்றினால், கொதிக்கும் தூள் முகத்தில் தெறிக்கும்!

நீராவிக் குழாயில் காயும் பால், கிருமிகளுக்கு விருந்து. உடனே ஈரத்துணியால் துடைத்து, ஒரு விநாடி நீராவி விடுங்கள்.

கை சுட்டுவிட்டதா? பேஸ்ட், இங்க் எதுவும் வேண்டாம். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள்.

கொஞ்சம் பொறுத்தால் காபியும் கருகாது, கையும் வேகாது.