பிஞ்சுக் கைக்கு மருதாணி வேண்டாம்



பெருநாள் நெருங்கினால் நம் வீடுகளில் மருதாணி அரைபடும். பெரியவர்கள் இட்டுக்கொண்டது போக மிச்சத்தைத் தொட்டிலில் கிடக்கும் பச்சிளங்குழந்தையின் உள்ளங்கையிலும் பாதத்திலும் ஆசையாய் அப்பிவிடுகிறோம். அரபு நாடுகளிலும் இவ்வழக்கம் உண்டு. அவ்வாறு மருதாணி பூசப்பட்ட சில குழந்தைகளின் இரத்த அணுக்கள் உடைந்து, உயிருக்கே ஆபத்து நேர்ந்ததை ஐக்கிய அரபு அமீரகத்து மருத்துவர்கள் 2001-ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டனர்.

இலையொன்று இரத்தத்தை எங்ஙனம் உடைக்கும்?

இரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் பிராணவாயுவைச் சுமந்து திரிகிறது. இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும் அதே பிராணவாயு, அணுவின் மெல்லிய மேலுறையையும் அரிக்க வல்லது. அதைத் தடுக்க அணுவுக்குள்ளேயே ஒரு காவலை வல்ல அல்லாஹ் அமைத்திருக்கிறான். 'ஜி-6-பி-டி' என்னும் நொதி குறைந்தால் அக்காவல் தளர்ந்துவிடும். இக்குறையுடன் பிறந்தோர் உலகில் கோடிக்கணக்கில் உள்ளனர். பெரும்பாலோர் நலமாகவே வாழ்வதால் தமக்கு இப்படியொரு குறை இருப்பதையே அறியார். தாய் வழியே வருவதாகையால் ஆண்பிள்ளைகளையே இது மிகுதியாகத் தாக்குகிறது.

மருதாணியின் சாயம் தோலில் ஊறி இரத்தத்தில் கலக்கும். காவல் தளர்ந்த அணுவினுள் செந்நிறப் பொருளாகிய ஹீமோகுளோபின் அதனால் திரிந்து, சிறு கட்டிகளாகி, மேலுறையில் ஒட்டிக்கொள்கிறது. உறை விறைத்து அணு உடைகிறது. உடையாது தப்பியதை மண்ணீரல் அழித்துவிடுகிறது. குழந்தை வெளிறிச் சோரும்; கண் மஞ்சளிக்கும்; சிறுநீர் கறுக்கும். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் அளவு மீறினால் மூளையே பாதிக்கப்படும். "பிள்ளைக்கு மஞ்சள் வருவதுதான், காலை வெயிலில் காட்டு" என்று மூத்தம்மா சொல்லக் கேட்டு நாளைக் கடத்திவிடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

மருதாணியை நான் குறை கூறவில்லை. குமரிகள் இட்டு மகிழட்டும், கைக்குழந்தைக்கு எதற்கு?

பாச்சை உருண்டையும் இவ்வகையே. அதிலுள்ள நாப்தலீன் உடலுக்குள் சென்றதும் மருதாணிச் சாயத்துக்கு நெருங்கிய உறவான பொருளாக மாறுகிறது. பீரோவிலிருந்து எடுத்த கம்பளியை அப்படியே குழந்தைக்குப் போர்த்துவது கூடாது. பிள்ளைத் துணி வைக்கும் பெட்டியில் அவ்வுருண்டையே வேண்டாம்.

இக்குறையைக் கண்டறிய இரத்தப் பரிசோதனை உண்டு. உங்கள் உடன்பிறந்தாருக்கோ தாய்மாமனுக்கோ மருந்து உண்டபின் சிறுநீர் கறுத்ததாகக் கேள்விப்பட்டிருந்தால் மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். மலேரியாவுக்குரிய பிரைமாக்குவின் மாத்திரையை அவர் எழுதும் முன்பே சொல்லிவிடுங்கள்.