வழியிலேயே இருக்கிறது கல்மரம்

சென்னையிலிருந்து திருச்சிக்குக் குடும்பத்தோடு காரில் போகிறவர்கள் டீக்கும் டிபனுக்கும் வண்டியை நிறுத்துகிறார்கள். கல்மரங்களைப் பார்க்கத் திருவக்கரைக்கும் சாத்தனூருக்கும் ஒதுங்கிப் போனால், பிள்ளைகளுக்கு அந்த ஒரு நாளே பெரிய பாடமாகிவிடும்.

திண்டிவனம் பக்கம் இருக்கும் திருவக்கரையில், சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. மண்ணில் புதைந்த மரத்துக்குள் நீரோடு சிலிக்கா ஊறி இறுகியதால் வந்த மாற்றம் இது. குனிந்து பார்த்தால் நார் ஓடிய கோடுகளும் கணுக்களும் தெரியும்.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லான ஒரே மரம். வயது சுமார் 12 கோடி ஆண்டுகள். அந்தப் பகுதியில் அன்று இருந்த கடலில் புதைந்துதான் அது கல்லானது.

பள்ளிச் சுற்றுலாப் பட்டியலில் இவ்விரண்டும் கட்டாயம் இடம்பெற வேண்டும். எளிய தமிழில் விளக்கிச் சொல்ல, உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து அரசு அமர்த்த வேண்டும். பெற்றோரும், பிள்ளைகள் ஒரு கல்துண்டைக்கூட எடுத்துவராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.