வீட்டார் சொல்லும் வைத்தியர் செவியும்

முதுமையில் மறதி இயல்பே என்பர் நம்மவர். கறிக்கு உப்பிட மறப்பது வேறு. அரை நூற்றாண்டு சமைத்த கை, அடுப்பின்முன் செய்வதறியாது நிற்பது வேறு. பின்னையது நோய், டிமென்ஷியா என்று வைத்திய நூலார் வழங்குவது. 1906ஆம் ஆண்டில் ஜெர்மானிய வைத்தியர் அலாய்ஸ் ஆல்ஸைமர் எடுத்துக்காட்டிய நோயே இதன் வகைகளுள் பெரும்பான்மையது. இந்தியாவில் 60 வயது கடந்தோருள் ஏறத்தாழ 88 இலட்சம் பேர் டிமென்ஷியாவால் வருந்துகின்றனர் என்று 2023இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று மதிப்பிட்டது. இவர்களைக் காப்போர் பெரும்பாலும் வீட்டாரே. நோயின் போக்கை இரவும் பகலும் காண்பவரும் அவரே. எனினும், அவர் கண்டது வைத்தியர் செவியை அடைவதில்லை.

எம் பாட்டியாரை மருத்துவ நிலையமொன்றிற்கு அழைத்துச் சென்றிருந்தோம். "சுகமா, அம்மா?" என்றார் வைத்தியர். "சுகந்தான், தம்பி" என்று பாட்டியார் முகமலர்ந்து விடையிறுத்தார். எம் அன்னையார் வாய்திறந்திலர். நள்ளிரவில் கதவைத் திறந்து வெளியேறுவதையும், பெற்ற மகனையே அயலான் என்று அஞ்சுவதையும் மாமியார் முன்னிலையில் எங்ஙனம் உரைப்பது? சில நிமிடங்களில் அடுத்தவர் அழைக்கப்பட்டார். வழிநெடுக அன்னையார் கண்ணீர் உகுத்தார்.

மறுமுறை, நிகழ்ந்தவற்றை ஒரு தாளில் எழுதி முன்னதாகவே கொடுத்தோம். வைத்தியர் அதனைப் படித்து, பாட்டியார் மனம் நோகாவண்ணம் வேண்டுவன வினவினார். கடையில் வாங்கி இரவுதோறும் கொடுத்துவந்த சளி மாத்திரை மனக்குழப்பத்தை மிகுவித்தலைக் கண்டு, அதனை நிறுத்தினார். நோய் தீர்ந்திலது, ஆயினும் இரவுகள் அமைதியுற்றன. ஒரு தாள் செய்த உதவி இது.

அத்தாளில் எழுதத்தக்கவை யாவை? மாறுதல் எப்பொழுது தொடங்கியது, மெல்ல வந்ததா, திடீரென வந்ததா என்பது முதலாவது. உறக்கம், உணவு, நடை, மலசலம், செவிப்புலன் ஆகியவற்றின் நிலை அடுத்தது. நாட்டுமருந்து உட்பட உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தும் பின்னர். இறுதியில், கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. ஓரிரு நாளில் குழப்பம் திடீரென மிகுமாயின், பழைய நோயே முற்றிற்றென்று வாளாவிருத்தல் கூடாது. சிறுநீர்த் தொற்றோ புதிய மருந்தோ காரணமாகலாம். அன்றே வைத்தியரிடம் தெரிவித்தல் வேண்டும். காப்பவர் தம் உறக்கமின்மையையும் மறையாது எழுதுக; அவர் சோர்ந்து வீழின் இருவர்க்கும் துணையில்லை.

வைத்தியர்க்கு இவற்றைப் படிக்க நேரம் ஏது என்பார் உளர். கோவையின்றிச் சொல்லப்படும் கதையன்றோ நேரத்தை விழுங்குவது? வைத்தியரும் வீட்டாரிடம் தனித்து இரண்டொரு நிமிடம் பேசுதல் வேண்டும். தாம் கூறும் முடிவை எளிய தமிழில் உரைத்து, அவர் அறிந்துகொண்டவாறு திருப்பிச் சொல்லக் கேட்டல் வேண்டும்.

நண்பர்காள்! இதில் நமக்கும் பங்குண்டு. நம் சுற்றத்திலோ அண்டையிலோ இத்தகைய முதியவர் ஒருவர் இருத்தல் கூடும். வரும் விடுமுறையில் அவரைக் காக்கும் அம்மையாரின் அருகமர்ந்து, அவர் சொல்லச் சொல்ல ஒரு பக்கம் எழுதிக் கொடுப்போமாக. பத்துப் பாட்டிற்கு உரை காணும் நாம், ஒரு தாயின் மௌனத்திற்கும் உரை காணக் கடமைப்பட்டவரல்லமோ?