தண்டவாளத்தில் நின்றவர்கள்

தசரா நாளில் வட இந்திய நகரங்களில் ராவணன் உருவத்தைக் கொளுத்துவார்கள். மூங்கிலாலும் காகிதத்தாலும் ஓங்கி உயரக் கட்டி, உள்ளே பட்டாசைத் திணித்து, பொழுது சாய்ந்ததும் தீ வைப்பார்கள். உழைப்பாளி மக்கள் பெண்டு பிள்ளைகளோடு திரளாகப் போவார்கள். இந்தப் பழங்கூத்தைத் தொழிலாளி ஏன் பார்க்க வேண்டும் என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. வருஷமெல்லாம் உழைத்தவன் ஒரு மாலை குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, காசு செலவில்லாமல் வாணவேடிக்கை பார்ப்பதில் என்ன குற்றம் கண்டார்களோ!

அவன் எங்கே நின்று பார்க்கிறான் என்பதே நமது கேள்வி.

2018 அக்டோபர் 19. பஞ்சாபின் அமிர்தசரஸ் நகரில், ஜோடா பாட்டக் என்ற ரயில்வே கேட்டுக்கு அருகே ஒரு மைதானம். கூட்டமோ ஆயிரக்கணக்கில். பிரமுகர்களுக்கு மேடை இருந்தது. இடமில்லாத ஜனங்கள் சுவருக்கு அப்பால் தண்டவாளத்தில் நின்றார்கள். ராவணன் வெடித்ததும், தீப்பொறிக்கு அஞ்சிப் பின்வாங்கியவர்களும் அங்கேயே சேர்ந்தார்கள். ஜலந்தரிலிருந்து ரயில் வந்தது. வெடிச் சத்தத்தில் அதன் ஓசை காதில் விழவில்லை. சில விநாடிகளில் சுமார் 60 பேர் மாண்டனர். பலர் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்த கூலித் தொழிலாளிகள், அவர்கள் வீட்டார்.

பிறகு என்ன நடந்தது? எங்களுக்கு யாரும் தெரிவிக்கவில்லை, தண்டவாளத்தில் நின்றது அத்துமீறல் என்றது ரயில்வே. நாங்கள் அனுமதியே தரவில்லை என்றது மாநகராட்சி. ரயில்வே பாதுகாப்பு விசாரணையோ, நின்றவர்களின் அஜாக்கிரதைதான் காரணம் என்று முடித்தது. மாநில சர்க்கார் உயிருக்கு 5 லட்சம் ரூபாய் அறிவித்தது.

அத்துமீறலாம்! நகரத்தின் மூட்டையைச் சுமக்கிறவனுக்கு, கட்டடத்தைக் கட்டுகிறவனுக்கு, அந்த நகரத்தில் கால் ஊன்றி வேடிக்கை பார்க்க ஆறடி இடம் கிடையாது. இடம் தராதவன் குற்றவாளி இல்லை, இடமில்லாமல் போனவன் குற்றவாளி! ரயிலை ஓட்டிய தொழிலாளி மீதும் நாம் பழி போட மாட்டோம். பச்சை சிக்னலைப் பார்த்துத்தான் அவர் வந்தார். பலநூறு பேர் பாதையில் நிற்பதை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் யார்? தசரா என்றைக்கு என்பது பஞ்சாங்கத்தில் உள்ள சங்கதி. அன்று மாலை அந்த இடத்தில் ரயிலை மெதுவாக ஓட்டும்படி முன்கூட்டியே ஓர் உத்தரவு போதும். காகிதம் ஒன்று, கையெழுத்து ஒன்று.

நம் ஊர்களிலும் தேரும் திருவிழாவும் வாணவேடிக்கையும் உண்டு. திருவிழாவுக்கு முன் அதிகாரிகள் கூட்டும் ஆலோசனைக் கூட்டத்துக்குச் சங்கத் தோழர்கள் போக வேண்டும். ஜனங்கள் நிற்க எவ்வளவு இடம், வெளியேற எத்தனை வழி, ரயில் பாதையில் காவல் நிற்பது யார் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.