கட்டுச்சோற்றுக் கணக்கு

வழிநடையாய்த் தூரவூர் செல்வோர் அந்நாளிற் கட்டுச்சோறு கொண்டு செல்வர். சோறு குறைந்தால் வழியிற் பசி. மிகுந்தால் தோள் நோவு. அன்றியும், சுமை கூடக் களைப்புக் கூடும். களைப்புக் கூடப் பசியுங் கூடும். ஆகவே சுமந்த சோற்றில் ஒரு பங்கு சுமந்த கூலிக்கே தீர்ந்துவிடும்.

விமானங்கள் தொட்டி நிறைய எரிபொருள் கொண்டு பறந்தால் அச்சமே இல்லையே, ஏன் அவ்வாறு செய்வதில்லை என்று மாணவனொருவன் வகுப்பில் நம்மை வினவியபோது, இக்கட்டுச்சோறே நம் நினைவுக்கு வந்தது. தேவைக்கு மேல் ஏற்றிய எரிபொருளில், பறக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பங்கு, அதனைச் சுமப்பதற்கே எரிந்துபோகின்றது. பத்து மணித்தியாலப் பிரயாணத்துக்கு ஆயிரங் கிலோகிராம் மிகையாக ஏற்றினால், இறங்கும்போது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இராது.

ஆதலின் அளந்தே ஏற்றுகின்றனர். ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வதற்கு ஒரு பங்கு. பிரயாணத்துக்கு ஒரு பங்கு. எதிர்பாராதவற்றுக்கெனப் பெரும்பாலும் பிரயாண எரிபொருளில் நூற்றுக்கு ஐந்து. சேருமிடத்தில் இறங்கவியலாவிடின் வேறொரு நிலையத்தை அடைவதற்கு ஒரு பங்கு. இவற்றுக்கு மேலாக, ஜெற் விமானம் அரை மணிநேரம் வானில் வட்டமிடப் போதிய இறுதிச் சேமிப்பு. இன்னும் வேண்டுமென விமானத் தலைவர் கருதின், அதனையுங் கேட்டுப் பெறலாம்.

சிக்கனத்துக்கு வேறொரு வழியும் உண்டு. எரிபொருளின் விலை இடத்துக்கிடம் வேறுபடும். மலிவான இடத்திலே திரும்பும் பிரயாணத்துக்குஞ் சேர்த்து நிரப்பிக்கொண்டால், சுமைக்கூலி போகவும் ஆதாயம் மிஞ்சும். இவ்வழக்கத்தால் ஐரோப்பிய வானில் ஆண்டுக்கு 286,000 தொன் எரிபொருள் வீணே எரிகின்றதென்று யூரோகொன்ட்றோல் என்னும் அமைப்பு 2019இல் மதிப்பிட்டது. பணம் மிஞ்சுகின்றது; புகையோ எல்லோருக்கும் பொதுவாகின்றது. ஆகவேதான் ஐரோப்பிய ஒன்றியம், தன் விமான நிலையங்களிற் புறப்படும் விமானங்கள் ஆண்டுத் தேவையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கையேனும் அவ்வந்நிலையத்திலேயே நிரப்பிக்கொள்ள வேண்டுமென 2025 முதல் விதித்துள்ளது.

சில வேளைகளில் வேறிடத்து எரிபொருளை நாடுவது சிக்கனமன்று, தேவையே. 2022இல் நம் நாட்டில் எரிபொருள் அருகியபோது, கட்டுநாயக்காவினின்று புறப்பட்ட நெடுந்தூர விமானங்கள் சில திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் இறங்கி நிரப்பிச் சென்றதை வாசகர்கள் மறந்திரார்.

மிகையாய்ச் சுமப்பதால் வருவது பணச்செலவும் புகையுமே. குறைவாய்ச் சுமப்பதால் வருவது யாது? 2016 நவம்பர் 28ஆந் திகதி, லாமியா என்னுஞ் சிறிய நிறுவனத்தின் விமானமொன்று பொலிவியாவினின்று கொலம்பியாவின் மெடெலின் நகரை நோக்கிப் புறப்பட்டது. அதிலிருந்தோர் 77 பேர். அவருட் பலர் இறுதிப் போட்டியொன்றில் ஆடச் சென்ற பிரேசில் நாட்டு உதைபந்தாட்ட வீரர். பிரயாண நேரம் 4 மணித்தியாலம் 22 நிமிடம் என எழுதப்பட்ட திட்டத்தில், எரிபொருள் போதும் நேரமும் 4 மணித்தியாலம் 22 நிமிடமென்றே எழுதப்பட்டிருந்தது. அரை மணிச் சேமிப்புக்கு அதில் இடமேயில்லை. வழியில் எங்கும் இறங்கி நிரப்பவுமில்லை. நகரை அண்மித்தபோது எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. மலைச்சாரலில் வீழ்ந்த அவ்விமானத்தில் 71 பேர் மாண்டனர். சிதைவுகளில் தீப்பற்றவில்லை, பற்றுவதற்கு எரிபொருள் இருந்தாலன்றோ! நிறுவனம் பணமுடையில் உழன்றிருந்ததைப் பின்னர் நடந்த விசாரணை எடுத்துரைத்தது.

உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறாக வைக்கும் வழக்கம் நம் தாய்மாரிடம் இருந்தது. வறுமை மிக்க நாளிலும் அப்பிடியில் அவர் கைவைத்தாரல்லர். விமானத்தின் அரை மணி எரிபொருளும் அத்தகையதே. பெரும்பாலான நாள்களில் அஃது எரியாமலே தரையிறங்கும். அதனை வீண்சுமையென்று கணக்கெழுதுவோர் எழுதலாம். எரியாது மீள்வதே அதன் பயனென்று நாம் மாணவனுக்குக் கூறினோம்.